சரோஜாவுக்காக அழுதோம்

2002ஆம் ஆண்டை எங்கள் பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 பாதை திறந்து, கொழும்பிலிருந்து உறவினரும் பொருள்களும் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கிய காலம் அது. வந்த பொருள்களுள் தொலைக்காட்சிப் பெட்டிகளும் இருந்தன. கேபிள் கம்பிகள் வேலிகளுக்கு மேலாக வீட்டுக்கு வீடு இழுக்கப்பட்டன. அதே ஆண்டிலேதான் சன் தொலைக்காட்சியில் 'மெட்டி ஒலி' என்னும் தொடர் நாடகம் ஆரம்பமாயிற்று. திருமுருகன் இயக்கிய அந்நாடகம் 2005ஆம் ஆண்டு வரை நடந்தது.

மறைக்கல்வி ஆசிரியனாகவும், பங்கிலே வேறு சில பொறுப்புகளைச் சுமந்தவனாகவும் அன்று இருந்த எனக்கு இந்நாடகத்தின்மீது பெருங்கோபம். வீடுகளில் செபமாலை ஓட்டமாய் ஓடியது. ஐந்தாம் தேவ இரகசியத்துக்கு வரும்போது வீட்டாரின் கண்கள் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். மாதாவின் மன்றாட்டுமாலை அரைவாசியோடு நின்றுவிடும். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் செபமாலையில் புதிதாகச் சேர்த்தார். எங்கள் வீடுகளிலோ ஏற்கெனவே இருந்தவற்றுக்கே நேரம் போதவில்லை. "தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் வீடுகளின் புதிய பீடமாகிவிட்டது" என்று ஆலயத்திலே ஒருமுறை முழங்கியும் இருக்கிறேன். இவ்வளவும் பேசிய நான், இரவானதும் விறாந்தைக் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு அந்நாடகத்தைப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பார்க்காத இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிதம்பரம் மனைவியை இழந்தவர். அவருக்குத் தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி என ஐந்து பெண்மக்கள். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பார்கள். சிதம்பரமோ அரசனும் அல்லர். டெல்லி குமார் என்னும் நடிகர் அத்தந்தையாகவே வாழ்ந்து காட்டினார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுப்பதோடு அவருடைய சுமை இறங்கவில்லை. கொடுத்த வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாய்த் துயரச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் எல்லாரையும் உலுக்கியது சரோஜாவின் கதை. கணவன் மாணிக்கம் தாய் சொல்லைத் தட்டாதவன். தாய் இராஜம் மருமகளை வதைப்பதே தொழிலாகக் கொண்டவள். சேத்தனும் காயத்ரியும் சாந்தி வில்லியம்ஸும் இப்பாத்திரங்களை எவ்வளவு இயல்பாக நடித்தார்கள் என்றால், மாணிக்கத்தைத் திட்டாத வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை.

நாடகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அதனைக் கண்டவர் எல்லாரும் மாமியாரைத்தான் சபித்தார்கள். மாணிக்கத்தைத் திட்டியவர்களுங்கூட, 'தாய்க்காரி ஆட்டுவிக்கிறாள், அவன் ஆடுகிறான்' என்று இறுதியில் அவனுக்கு ஒரு சாக்குச் சொல்லி வைத்தார்கள். தாய் தூண்டினாள் என்பதற்காக, மனைவிமேல் நீண்ட கை தாயினுடைய கை ஆகிவிடாது. பழத்தைத் தின்றுவிட்டு ஏவாளைச் சுட்டிக்காட்டிய ஆதாமை ஆண்டவர் அந்தச் சாக்கோடு போகவிடவில்லை. தமிழ்த் தொடர் நாடகங்கள் இன்றுவரை பெண்ணுக்குப் பெண்ணே பகை என்ற இப்பாதையில்தான் போகின்றன. ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றியன்று.

2004ஆம் ஆண்டு, மழைக்காலம். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகள், கைக்குழந்தையோடு தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். இதனை அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. எங்கள் வழக்கப்படி மூத்த பெண்ணுக்குச் சீதனமாகப் போயிருக்க வேண்டிய வீடு அன்று உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. வீடு இல்லாதபடியால் கடன்பட்டுக் காசாய்க் கொடுத்தார்கள். பெண் கணவன் வீட்டில் வாழப் போனாள். சொந்த வீடு இருந்திருந்தால் மாப்பிள்ளையல்லவா அங்கே வந்திருப்பார்? யுத்தம் எங்கள் பெண்களிடமிருந்து பறித்துக்கொண்டவற்றைக் கணக்கிடுவோர் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தகப்பனார் என்னிடம் வந்தார். "மாஸ்டர், நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ. இனி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றார். போனேன். அவள் அறைவாசலில் சீலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றாள். முகத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நானும் தகப்பனாரும் விறாந்தையில் இருந்து பேசினோம். தேநீர் வந்தது. கீழே இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் கலியாணத்துக்கு இருப்பதை அவர் மூன்று தடவை சொன்னார். அவர் கல்மனம் படைத்தவர் அல்லர். அழுதுகொண்டே பேசினார். மூத்தவள் வாழாவெட்டியாக வீட்டில் இருந்தால் இளையவர்களை யார் கேட்டு வருவார்கள் என்ற பயம் அவர் தொண்டையைப் பிடித்திருந்தது. அந்தப் பயம் பொய்யானதன்று. எங்கள் ஊர் அப்படித்தான் இருந்தது. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

அப்பொழுது நான் தொடக்கநூல் 16ஆம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னேன். சாராயின் கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடிய ஆகாரிடம், தலைவியிடம் திரும்பிப்போய் அடங்கி நட என்று ஆண்டவரின் தூதர் பணித்ததை விளக்கினேன். சிலுவை இன்றிக் குடும்பம் இல்லை என்றேன். அவளைப் பார்த்து, "பொறுத்துப் போ பிள்ளை, மாதா கைவிடமாட்டா" என்றேன். மறுநாள் தகப்பனாரும் நானுமாக அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டுபோய்க் கணவன் வீட்டில் விட்டோம். அங்கேயும் தேநீர் தந்தார்கள். மாப்பிள்ளை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அந்தக் கிழமையில் ஓர் இரவு, சரோஜா படும் பாட்டைப் பார்த்து என் கண்கள் கலங்கின. என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இந்தத் தகப்பன் ஏன் பிள்ளையை இன்னும் அங்கை விட்டு வைச்சிருக்கிறார்?" என்று அவள் கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று பகல் செய்ததையும் இரவு அழுததையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்படி அது தோன்றாமற் போயிற்று என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யை மீண்டும் ஒளிபரப்பியது. ஆலயங்கள் மூடப்பட்டிருந்த நாள்கள் அவை. ஞாயிறு திருப்பலியையே தொலைக்காட்சியில் கண்டோம். பெட்டியின் அருகே பாடுபட்ட சுரூபத்தையும் மெழுகுதிரியையும் நானே வைத்தேன். பீடம் என்று முழங்கியவன் அதனைப் பீடமாகவே ஆக்கிவிட்டேன் என்று மனைவி சிரித்தாள். அந்த நாள்களில் பழைய நாடகத்தை மறுபடியும் பார்த்தோம். வயது போனபின் பார்க்கும்போது கண் வேறிடத்துக்குப் போகிறது. இம்முறை நான் சரோஜாவைவிடச் சிதம்பரத்தையே அதிகம் பார்த்தேன். மகளைக் கொடுத்த வீட்டின் வாசலில் கைகட்டி நிற்கும் அந்த நல்ல மனிதர். சம்பந்திகளுக்கு முன்னால் குரல் தாழ்ந்துபோகும் அந்தத் தந்தை. மெட்டி அணிந்து போன வீடே மகளின் வீடு என்று நம்பிய தலைமுறையின் மனிதர் அவர். அவரைக் கண்டபோது 2004இன் விறாந்தையும் தேநீர்க் கோப்பையும் நினைவுக்கு வந்தன. அவருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேனே!

ஊரடங்கில் திருவிவிலியத்தைத் தொடர்ச்சியாக வாசித்து வந்தவன், அதே காலத்தில் நீதித் தலைவர்கள் நூலின் 19ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். திருப்பலி வாசகங்களில் நாம் கேட்காத பகுதி அது. லேவியர் ஒருவரின் மறுமனைவி அவரை விட்டுப் புறப்பட்டு, பெத்லகேமில் உள்ள தந்தையின் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் இருக்கிறாள். கணவர் இனிமையாகப் பேசி அவளை அழைத்துப்போக வருகிறார். மருமகனைக் கண்ட தந்தைக்குப் பெருமகிழ்ச்சி. மூன்று நாள் விருந்து. நான்காம் நாள் புறப்பட்டவரை இன்னொரு நாள் இருக்கச் சொல்லி மறிக்கிறார். ஐந்தாம் நாளும் உண்டு குடித்துவிட்டு, பொழுது சாயும் வேளையில்தான் பயணம் தொடங்குகிறது. அன்றிரவு கிபயா ஊரில் வெறியர் கூட்டம் வீட்டைச் சூழ்ந்தபோது, கணவரே அவளைப் பிடித்து வெளியே விடுகிறார். விடியும் வேளையில் அவள் வந்து அந்த வீட்டு வாசலில் விழுந்து கிடக்கிறாள். அவள் கைகள் வாசற்படியின் மேல் இருந்தன என்று நூல் சொல்கிறது.

அதிகாரத்தை இரண்டு முறை வாசித்தேன். அதில் எல்லாரும் பேசுகிறார்கள். கணவர், மாமனார், வேலைக்காரன், இடம் கொடுத்த கிழவர், வெறியர் கூட்டம் என எல்லாருக்கும் பேச்சு உண்டு. அந்தப் பெண் மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. நீ ஏன் வந்தாய் மகளே என்று அந்த நான்கு மாதத்தில் தந்தை கேட்டதாகவும் ஒன்றும் எழுதப்படவில்லை. விருந்து மட்டும் விபரமாக எழுதப்பட்டிருக்கிறது.

ஊரடங்கு தளர்ந்து ஆலயம் திறந்தபின் ஒரு நாள் அவளைத் தேடிப் போனேன். 2011இலேயே அவள் அந்த வீட்டை விட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டாள். அப்போது தகப்பனார் உயிரோடு இல்லை. தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்து வந்தாள். நான் பேசத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பி வலது காதை எனக்குக் காட்டினாள். இடது காது 2007இலிருந்து கேட்பதில்லையாம். எப்படி என்று நான் கேட்கவில்லை; கேட்க வேண்டியிருக்கவில்லை.

என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்று சொன்னேன். அவள் தையல் இயந்திரத்தின் சில்லைக் கையால் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "நீங்கள் அண்டைக்கு என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை மாஸ்டர். அப்பாவோடைதான் கதைச்சனீங்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஆகாரின் பகுதியை மறுபடியும் திறந்தேன். திரும்பிப் போ என்னும் கட்டளை 9ஆம் வசனத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய வசனத்தை நான் அன்று சொல்லவேயில்லை. அதில், எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று தூதர் முதலில் அவளிடமே கேட்கிறார். அடிமைப் பெண்ணின் வாயிலிருந்து பதில் வரும்வரை வேறு எதுவும் சொல்லப்படவில்லை. 21ஆம் அதிகாரத்தில் அதே ஆகார் அவ்வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறாள்; பாலைநிலத்தில் கடவுள் அவளுக்கும் பிள்ளைக்கும் நீரூற்றைக் காட்டுகிறார். அந்த அதிகாரத்தையும் நான் அன்று சொல்லவில்லை. எனக்கு வேண்டிய ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்து, வீங்கிய முகத்தோடு நின்ற ஒரு பெண்ணின் தலையில் வைத்தேன்.

மணமுறிவை ஆண்டவர் வெறுக்கிறார் என்பதற்கு மலாக்கி 2:16ஐ எல்லாரும் காட்டுகிறோம். அதே வசனம், வன்முறையை ஆடைபோல் அணிந்துகொள்பவனையும் அவர் வெறுப்பதாகச் சொல்லுகிறது. அந்தப் பாதியை எந்தத் திருமணப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. புனித மோனிக்காவைப் போலப் பொறுமையாய் இரு என்று அடிபடும் பெண்களுக்குப் புத்தி சொல்கிறோம். அவருடைய மகன் புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பது என்ன? தந்தை பத்ரீசியுஸ் கடுங்கோபக்காரர். ஆயினும் தாயை அடித்ததில்லை. அடிபட்ட தழும்புகளோடு இருந்த அயற்பெண்கள் அதனைக் கண்டு வியந்தார்கள் என்கிறார். அப்பெண்களுக்கு மோனிக்கா கூறிய அறிவுரை இன்று நமக்கு உவப்பாயிராது, அது வேறு விடயம். ஆனால் அடி வாங்காத ஒரு பெண்ணை அடி வாங்குவதற்கு முன்மாதிரியாக வைப்பது என்ன நியாயம்? ஏரோதின் வாள் வருகிறது என்று அறிந்த சூசையப்பரும் பொறுத்திருப்போம் என்று சொல்லவில்லை. இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

திருச்சபையின் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் இலக்கத்தின்படி, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ உள்ளத்தாலோ பெரும் ஆபத்தை விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயம் உண்டு. ஆயரின் ஆணை பெற்றுப் பிரியலாம். காத்திருப்பது ஆபத்தானால் தாமாகவே பிரியலாம். திருமணப் பிணைப்பு அதனால் அறுவதில்லை. ஆபத்து நீங்கினால் மீண்டும் கூடி வாழவும் வழி உண்டு. 2016இல் வெளியான 'அமோரிஸ் லெத்தீசியா' ஏட்டில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் ஒரு படி சென்று, வன்முறையிலிருந்து வலுவற்ற துணைவரையும் பிள்ளைகளையும் காப்பதற்குப் பிரிவு சில வேளைகளில் ஒழுக்கக் கடமையாகவே ஆகலாம் என்கிறார். அடிபட்ட பெண் தகப்பன் வீட்டுக்கு வருவது பாவம் என்று நாங்கள் கற்பித்தது எந்தப் புத்தகத்திலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

நாட்டுச் சட்டமும் உண்டு. நாடகம் முடிந்த அதே 2005ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவிலும் அத்தகைய சட்டம் அதே ஆண்டில் வந்தது. எங்கள் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அக்கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லுபடியாகும். அடித்தவரை வீட்டுக்குள் வரவிடாமலும் அது தடுக்கலாம். பெண்கள் உதவி கேட்டு அழைப்பதற்கு 1938 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் வாழ்நாளில் அவரது உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். ஞாயிறு திருப்பலியில் உங்கள் வாங்கிலும் முன்வாங்கிலும் இருக்கும் பெண்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இப்படி எழுதினால் குடும்பங்கள் குலைந்துவிடும், சின்னச் சச்சரவுக்கெல்லாம் பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று சொல்வோர் இருப்பார்கள். நாற்பது ஆண்டுக் காலமாக வீடு வீடாகப் போய் வந்தவன் சொல்கிறேன்: சின்னச் சச்சரவுக்கு வந்த பெண்ணை நான் கண்டதேயில்லை. வந்தவர்கள் எல்லாரும் மிகவும் பிந்தித்தான் வந்தார்கள். திருமண ஆயத்த வகுப்புகளில் மணமக்களுக்கு எத்தனையோ சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு மணித்தியாலம் பெற்றோரையும் கூப்பிட்டு, மகள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் யோசனை. எங்கள் பங்கில் இதனைப் பேசியபோது ஒரு தகப்பன் எழுந்து, "மற்றப் பிள்ளைகளின்ரை கலியாணத்தை நீங்களோ செய்து வைப்பியள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு அவர் தனியாகப் பதில் தேட முடியாது. பெண் எடுக்கப் போகும் குடும்பங்கள், அதாவது ஆண்பிள்ளைகளைப் பெற்ற நாங்கள் எல்லாரும், அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தை இன்று இருபது வயதைக் கடந்தவள். அண்மையில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. தாய் என்னைக் கூப்பிட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான் விசாரித்தவற்றைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தி, "முதல் பிள்ளையிட்டைக் கேளுங்கோ மாஸ்டர்" என்றாள். மகளைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் கதிரையில் இருத்திவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள்.